எல்லாம் நார்மல்

எங்கள் சலவைக் கூடத்தில் அவளுக்கு மீட்டர் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கும். கூடத்தில் ஆவியில் ஓடும் பெரிய இஸ்திரி உருளைகள் வரிசையாக நிற்கின்றன. கொதிகலனிலிருந்து ஆவி கொண்டுவரும் குழாயின் தலையில் வட்டமாக ஒரு மீட்டர். முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்க வேண்டும். அது அவள் வேலை. காலையில் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் நேரே அங்கே போவாள். விரல் முட்டியால் மீட்டர் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுவாள். முள் சில சமயம் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லுமாம், தட்டினால் உண்மைக்கு வருமாம்.

"சரியாத்தான் இருக்கு, இப்பத்தான் பார்த்தேன்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"நீங்க பார்த்தா உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?" என்பாள். மேனேஜர் சொன்னாலும் இதே பதில்தான். மேனேஜர் முகத்தில் ஈயாடாது. பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

நான் மடிப்பு மேசைக்காரி. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை மூலைக்கு மூலை சேர்த்து மடிப்பது என் பிழைப்பு. எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். கூடத்தில் எல்லோருக்கும் நான் அக்கா. என்னைவிட மூத்த முதலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார், இளமையாக இருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு.

மீட்டரின் வீட்டுக்காரன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அவனை 'அவர்' என்று எழுதத்தான் நினைத்தேன், பேனா ஒத்துழைக்கவில்லை. ஒரு காலத்தில் நானே வாய் நிறைய 'தம்பி, தம்பி' என்று கூப்பிட்டவள்தான். பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். குரலை உயர்த்தவே மாட்டான். அவன் ஓட்டிவரும் பயிற்சி வண்டியில் அவன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதைப் பற்றி ஒருநாள் எங்கள் வாசலில் நின்று பெருமையாகச் சொன்னான்.

"கத்துக்க வர்றவங்ககிட்ட 'லாரி வருது, பார்த்து'ன்னு கத்தினா கை காலெல்லாம் நடுங்கிடும் அக்கா. நான் எதுவும் சொல்ல மாட்டேன். சிரிச்சுப் பேசிக்கிட்டே என் பக்கத்து பிரேக்கை மெதுவா அழுத்திடுவேன். தாங்களே நிறுத்தினதா நினைச்சுக்குவாங்க."

"கெட்டிக்காரன்தான்" என்றேன். அன்றைக்கு மனசாரத்தான் சொன்னேன்.

கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. அதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தன. அதனால் கூடமே அவளைத் தரையில் நடக்க விடவில்லை. ஆவிக் குழாய்ப் பக்கம் வெக்கை என்று மேனேஜர் அவளை என் மடிப்பு மேசைக்கு மாற்றினார். நாற்காலி போட்டு உட்கார்ந்து தலையணை உறை மடிப்பாள். ஆனால் வேறொருத்தி மீட்டர் பார்க்கிறாளே என்று அவளுக்கு உள்ளுக்குள் குடைச்சல். வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய், கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். அவளைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அம்மாவும் வந்து வீட்டோடு தங்கினாள்.

ஏழாம் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவள் செக்கப்புக்குப் போய்விட்டு வந்தாள். கால் வீங்கியிருந்தது. ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல் என்று டாக்டரம்மா சொன்னாராம்.

"நாலு குப்பி ரத்தம் எடுத்துட்டாங்க அக்கா. ஒண்ணு மட்டும் பெரிய லேபுக்குப் போகுதாம். பிள்ளையோட நஞ்சுக்கொடி சரியா வேலை செய்யுதான்னு ரத்தத்துலயே தெரிஞ்சிடுமாம்."

"வயித்துக்குள்ள இருக்கிறது கையில குத்தினா தெரியுமா?"

"அப்படித்தான் சொன்னாங்க. போன்ல சொல்லுவாங்களாம். வேலை நேரத்துல என் போன் பெட்டியில கிடக்கும்ல, அதனால அவர் நம்பரைக் கொடுத்திருக்கேன்."

அந்த வாரக் கடைசியில் அவள் முகமெல்லாம் பல்லாக வந்தாள். "ரிப்போர்ட் வந்துடுச்சு அக்கா. எல்லாம் நார்மல்!" நான் டீ வரவழைத்து எல்லோருக்கும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் என் வயிறு எரிவது அந்த வாரத்தை நினைத்துத்தான்.

அவளுக்குப் பொற்காலம் பிறந்துவிட்டது. வீட்டுக்காரன் தினமும் பயிற்சி வண்டியிலேயே கொண்டுவந்து வாசலில் இறக்கினான், சாயங்காலம் வந்து காத்து நின்றான். வீட்டில் சத்தமில்லை, சண்டையில்லை. எதைச் சொன்னாலும் 'சரிம்மா'. அவள் அம்மாவுக்கு நாக்கு தேள் கொடுக்கு மாதிரி. அந்த அம்மாவும் திடீரென்று தேனாக மாறிவிட்டாள். டிவியில் அழுகைச் சீரியல் வந்தால் இருவரில் ஒருவர் சேனலை மாற்றிவிடுவார்களாம். பக்கத்து வீட்டில் தண்ணீர்ச் சண்டை நடந்தபோது ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார்களாம். காலையில் அவன் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷினின் பட்டையைத் தானே அவள் கையில் சுற்றி, திரையைத் தன் பக்கம் வைத்துத் தானே பார்த்து, தானே வாசிப்பானாம். "நூத்தி இருபது, எண்பது. ராணி மாதிரி இருக்கே!"

"அக்கா, இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வாரம் இருந்ததே இல்ல" என்றாள். "புகுந்த வீட்டையும் பொறந்த வீட்டையும் சேர்த்துப் பிசைஞ்சு ஊட்டுற மாதிரி இருக்கு."

"மெதுவாப் பேசுடி, கண்ணு பட்டுடும்."

"சாப்பாடுதான் சப்புன்னு இருக்கு. எங்கம்மாவுக்குக் கைப்பக்குவமே போயிடுச்சு."

அவள் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். "ஏன், கடல் வத்திப்போச்சா? பேருக்குக்கூட உப்பில்ல!" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிக்கும்போதே அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். தலை வலிக்கிறது, தூக்கம் போதவில்லை என்றாள். மோதிரம் விரலில் இறுகிவிட்டது, சோப்புப் போட்டுத்தான் கழற்றினேன் என்றாள். மாசமாக இருக்கிறவளுக்கு வீக்கம் வராமல் வேறு யாருக்கு வரும் என்றேன். ரிப்போர்ட்தான் நார்மல் ஆயிற்றே.

மறு வாரம் ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து மேசைக்கு வந்தோம். அவள் சட்டென்று உறையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"அக்கா, எங்கயோ ஆவி கசியுது."

"எங்கடி?"

"அதோ, குழாய்கிட்ட. வெள்ளையா மின்னி மின்னி வருதே. மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்க!"

திரும்பிப் பார்த்தேன். குழாய் தன்பாட்டுக்கு இருந்தது. ஆவியுமில்லை, ஒன்றுமில்லை. அவள் மட்டும் காற்றில் கையை வீசி எதையோ விலக்கிக்கொண்டிருந்தாள். மறுகையால் வலப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தாள். ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்தேன்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. விரிப்பு ஏற்றிப்போகும் எங்கள் வேன் வாசலில் நின்றது. மூட்டைகளை மெத்தையாகப் பரப்பி அவளைப் படுக்க வைத்தோம். வேன் டிரைவர் ஒரு பள்ளத்தில்கூட விடாமல் ஓட்டினார். போகிற வழியில் அவன் நம்பருக்கு நான்தான் போன் செய்தேன். "தலைவலியாம், கண்ணு மின்னுதாம், ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னேன். எதிர்முனையில் 'ஐயோ' என்ற ஒரு சத்தம். ஒரு கேள்விகூட வரவில்லை. தலைவலி என்றதற்கு இந்த மனுஷன் ஏன் இப்படி அலறுகிறான் என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

ஆஸ்பத்திரியில் அவளைக் கட்டிலில் ஏற்றி, கையில் பட்டை கட்டி, மறுகையில் ரத்தம் எடுத்தார்கள். அழுத்தம் காட்டும் திரை அவளுக்கு முதுகு காட்டி நின்றது. அவள் கையை நீட்டி அதைத் தன் பக்கம் திருப்பினாள். திரையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். விரல் முட்டியால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினாள். எண் மாறவில்லை.

டாக்டரம்மா வந்தார். வந்த வேகத்திலேயே பொரிந்து தள்ளினார்.

"எங்கம்மா இருந்தீங்க இவ்வளவு நாளா? ரெண்டு தடவை போன் பண்ணோம். ரிப்போர்ட் வந்த அன்னிக்கே வந்து அட்மிட் ஆகணும்னு சொன்னோமே! படிச்ச பொண்ணுதானே நீங்க? உங்களைப் பத்திக் கவலை இல்லன்னாலும் வயித்துல இருக்கிற பிள்ளையைப் பத்தியாவது நினைக்க வேண்டாமா?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "என் ரிப்போர்ட் நார்மல்தானே டாக்டர்?"

"யார் சொன்னா?"

கதவு திறந்தது. அவனும் அவள் அம்மாவும் மூச்சிரைக்க உள்ளே வந்தார்கள்.

டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தணித்து, அவளைப் பார்த்துச் சொன்னார். நஞ்சுக்கொடி ரத்தத்தில் இரண்டு புரதங்களை விடுகிறது. ஒன்று ரத்தக் குழாய்களை வளர்க்கும், மற்றது அதைத் தடுக்கும். அவள் ரத்தத்தில் வளர்க்கிறது தரைமட்டத்துக்கு இறங்கி, தடுக்கிறது தலைக்கு மேல் ஏறியிருந்தது. அப்படி இருந்தால், சோதனை அன்றைக்கு அழுத்தம் லேசாகத்தான் தெரிந்தாலும், சில நாளிலோ சில வாரத்திலோ அது எகிறிவிடும் என்று அர்த்தம். சிறுநீரகம், கல்லீரல், மூளை, பிள்ளை, எதை வேண்டுமானாலும் தாக்கும். முன்னாலேயே தெரிந்துகொண்டு கண்காணிக்கத்தான் அந்தச் சோதனையே. "இப்ப உங்க ரத்தத்துல தட்டணுக்கள் குறைஞ்சிருக்கு. கல்லீரலும் பாதிக்க ஆரம்பிச்சிருக்கு. இனிமே காத்திருக்க முடியாது" என்றார்.

அப்போது அவன் செய்தான் பாருங்கள் ஒரு காரியம். டாக்டரம்மா பக்கம் குனிந்து, கையெடுத்துக் கும்பிட்டு, கிசுகிசுத்தான்.

"மெதுவா டாக்டர்... அவளுக்கு எதிர்ல வேண்டாமே. பிரஷர் ஏறிடும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். இடம் ஆஸ்பத்திரியாகப் போய்விட்டது.

அவள் கட்டிலில் சாய்ந்தபடி அவனையே பார்த்தாள். "இன்னிக்குக் காலையில மிஷின்ல எவ்வளவு இருந்துச்சு?"

"இப்ப எதுக்கும்மா அது..."

"சொல்லுங்க."

"நூத்தி அறுபது."

"என்கிட்ட எவ்வளவு சொன்னீங்க?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நேத்து? முந்தாநாள்?"

"நல்லதுக்குத்தான்டி செஞ்சோம்" என்று அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பிரஷர்காரிகிட்டப் போய் 'உனக்கு ஆபத்து'ன்னு சொன்னா இன்னும் ஏறாதா? ரெண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவ நீ. இதைக் கேட்டா தாங்குவியா? அடுத்த செக்கப் வரைக்கும் உப்பைக் குறைச்சு, மனசு நோகாம வச்சுக்கிட்டா இறங்கிடும்னு நெனச்சோம். உன்னைச் சுமந்தப்ப எனக்கும்தான் கால் வீங்குச்சு. என்ன ஆயிடுச்சு?"

"உனக்கும் தெரியுமா?" என்றாள் அவள். அதுவரை கல்லாக இருந்தவள், அந்த இடத்தில் உடைந்தாள். "அம்மா, உனக்கும் தெரியுமா?"

அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான். "ஓட்டறவங்ககிட்ட லாரி வருதுன்னு சொன்னா பதறிடுவாங்கம்மா. அதான் உன்னை நிம்மதியா வச்சுக்கிட்டு, நான் பார்த்துக்கலாம்னு..."

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இந்த வண்டியில உங்க பக்கம் பிரேக் இல்லீங்க" என்றாள்.

அதற்கு மேல் பேச விடாமல் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வலிப்பு வராமலிருக்க ஊசி, அழுத்தம் இறங்க மருந்து, பிள்ளையின் நுரையீரலுக்கு ஒரு ஊசி, பிறகு ஆபரேஷன். நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் விசும்பிக்கொண்டிருந்தான். என் வாய்க்கு அன்றைக்குப் பூட்டு. திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

பெண் குழந்தை. கையளவுதான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தது. பிழைக்குமா என்று நர்ஸைக் கேட்டால், "பார்க்கலாம்" என்பாள். மீட்டருக்கும் அழுத்தம் உடனே இறங்கவில்லை. பிள்ளை பெற்ற பிறகும் சில நாள் அவள் கண் ஒளியைத் தாங்கவில்லை. ஆனாலும் எழுந்து நிற்க முடிந்த அன்றே சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டாள். திரையில் ஓடும் ஒவ்வொரு எண்ணும் என்ன என்று நர்ஸைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். அவன் வந்து, "பாப்பா இன்னிக்கு நல்லா இருக்கா" என்று சொன்னால், எழுந்து போய்த் தானே பார்த்துவிட்டு வருவாள்.

ஒருவழியாகக் குழந்தை தேறியது. எடை கூடியது. வீட்டுக்கு வந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அங்கேதான் அவளுக்கு இரண்டாம் கஷ்டம் தொடங்கியது. இனிமேல் கோபப்பட அவளுக்கு உரிமை இல்லையாம்.

நான் பார்க்கப் போனபோது அம்மா என்னிடம் முறையிட்டாள். "நீங்களே சொல்லுங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. இன்னும் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா? மாப்பிள்ளை பாதி உடம்பா ஆயிட்டாரு."

"நல்லபடியா முடிச்சது டாக்டரம்மா. நீங்க இல்ல" என்றேன். அன்றிலிருந்து அந்த அம்மா எனக்குத் தண்ணீர்கூட முகம் பார்த்துக் கொடுப்பதில்லை. போகட்டும். கெட்ட எண்ணத்தில் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்பார்கள். நல்லதுக்குச் செய்த தப்புக்கு, அடிபட்டவள்தான் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது!

மீட்டர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னாள். அம்மா அடுப்படியில் இருந்தாள், கேட்கட்டும் என்றேதான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

"பொய் சொன்னதைக்கூட விட்டுடலாம் அக்கா. அந்த ஒரு வாரம்தான் என்னால மறக்க முடியல. அவர் மண்டி போட்டு உட்கார்ந்தது, அம்மா தலை வாரிவிட்டது, எல்லாமே எனக்குப் பிரியமாத் தெரிஞ்சுது. நான் சிரிச்சப்பல்லாம் அவங்க ரெண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துப் பயந்துக்கிட்டு இருந்திருக்காங்க. என் ரத்தத்துல என்ன இருக்குன்னு இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியாது. இனிமே யாராவது அன்பாப் பேசினா, என்ன மறைக்கிறாங்கன்னுதான் பார்ப்பேன்."

குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

அவன் பெரிய எண் தெரியும் புது மிஷின் ஒன்று வாங்கி வந்தான். திரையை அவள் பக்கம் திருப்பி வைத்து, பட்டையைச் சுற்றக் கையை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு தானே சுற்றிக்கொண்டாள். அவன் வெறுங்கையோடு நின்றான். அதிலிருந்து தினமும் அப்படித்தான்.

விடுப்பு முடிந்து அவள் வேலைக்கு வந்தாள். பழைய இடத்துக்கே போய்க் கண்ணாடியைத் தட்டினாள். கூடமே கைதட்டியது. இந்த நோய் வந்துபோனவர்கள் ஆயுசுக்கும் அழுத்தத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் மறுபடி ஒரு ரத்தச் சோதனை. இந்தத் தடவை அவள் தன் நம்பரையே கொடுத்தாள். கூடத்துக்குள் போனை வைத்துக்கொள்ள மேனேஜரிடம் சொன்னாள், அனுமதி கேட்கவில்லை, சொன்னாள்.

போன் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வாசலுக்கு ஓடி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஒவ்வொண்ணாச் சொல்லுங்க" என்றாள். தட்டணுக்கள், கல்லீரல், சிறுநீரகம். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டாள். எல்லாமே சரியாக இருந்தன. ஒரு குறையுமில்லை. போனை வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

சாயங்காலம் குழந்தையைப் பார்க்க அவளோடு நானும் போனேன். அவன் குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தான். அவன் கண்ணில் அன்றைக்கு முழுக்கக் காத்திருந்த களைப்புத் தெரிந்தது.

"ரிப்போர்ட் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாம் நார்மல்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

குழந்தை போன பிறகும் அவன் கை அந்தரத்திலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா... நிஜமாவா?"

"நிஜம்தான் தம்பி" என்றேன். அந்தத் 'தம்பி' ரொம்ப நாள் கழித்து என் வாயில் வந்தது, பாவமாகத்தான் இருந்தது.

அவன் தலையாட்டினான். பிறகு அவள் பின்னாலேயே போய், அறை வாசலில் நின்று, மெதுவாக மறுபடி கேட்டான்.

"நிஜமா நார்மல்தானேம்மா? என்கிட்ட எதையும்..."

"நார்மல்தாங்க" என்றாள் அவள், குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. குரலில் ஒரு குறையுமில்லை. அன்பாகத்தான் சொன்னாள்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவன் அந்த வாசலிலேயே நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கிளம்பும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.